உங்களுக்குத் தெரியுமா? கணக்கு உதைத்தது, கள்ளன் சிக்கினான்

1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், யார் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள் என்று கணக்கெழுதிக் காசு வசூலிப்பார்கள். ஒரு மாதம் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த வானியலாளர் கிளிஃபோர்டு ஸ்டோல் அதை விடாமல் தோண்டினார். யாரோ ஓர் ஆள் சில விநாடிக் கம்ப்யூட்டர் நேரத்தைக் காசு கட்டாமல் எடுத்திருந்தான். ஈமேக்ஸ் மென்பொருளோடு வந்த ஒரு சின்ன புரோகிராமின் ஓட்டை வழியாக, யூனிக்ஸின் உச்ச அதிகாரமான ரூட்டையே பிடித்திருந்தான்.

ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலக மேஜைகளில் இருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் அள்ளிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து வரும் மோடம் இணைப்புகளில் மாட்டிவிட்டு, அவற்றுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்கினார். கள்ளன் தட்டியதெல்லாம் காகிதத்தில் விழுந்தது. பல மாதத் தேடலுக்குப் பிறகு தடம் போய் முடிந்த இடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரம். திருடிய தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விலைபோயிருந்தன.

*

ஏன் காகிதம்? சர்வருக்குள் நுழைந்தவன் முதலில் கை வைப்பது லாக் ஃபைலில்தான். தான் வந்துபோன தடத்தை அங்கேதான் அழிப்பான். அச்சான தாளை அங்கிருந்து அழிக்க முடியாது. இன்று பிரிண்டர் வேண்டாம், லாக் வரிகளை உடனுக்குடன் வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிட்டால் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றே இந்த வேலையைப் பார்த்துவிடும். சர்வர் வைத்திருப்பவர்கள் செய்யாமல் தள்ளிப்போடும் வேலைகளில் இதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன்.

*

“என் வீட்டு மெஷின் யார் கண்ணில் படப்போகிறது?” என்று கேட்பவர்களுக்கு: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2013-இல் வெளிவந்த இசட்மேப் என்ற கருவி, உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதற்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரும் வேகமான இணைப்பும் போதும். வெளி உலகுக்குத் திறந்திருக்கும் ஒரு லினக்ஸ் மெஷினில் ‘லாஸ்ட்பி’ என்ற கட்டளை இருந்தால், அதை ரூட்டாகத் தட்டிப் பாருங்கள், தோற்றுப்போன லாகின் முயற்சிகள் வரிவரியாக வரும். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், உபுண்டு, பை என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள். நாள் முழுக்க ஓயாது. எல்லாம் தானியங்கி புரோகிராம்களின் வேலை.

அந்தப் பட்டியலில் ‘பை’ வருவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக ராஸ்பெர்ரி பையின் சொந்த இயங்குதளத்தில் எல்லோருக்கும் ஒரே தொடக்கப் பயனர் பெயர் பை, பாஸ்வேர்டு ராஸ்பெர்ரி. 2022 ஏப்ரலில்தான் இந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

*

2016-இல் மிராய் என்ற தீநிரல், வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அது எந்தப் பெரிய வித்தையும் செய்யவில்லை. கம்பெனியில் வைத்து அனுப்பிய பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கும் மேல் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்து, டெல்நெட் என்ற பழைய தொலை லாகின் முறை வழியாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிப் படை டின் என்ற நிறுவனத்தின், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சர்வர்களைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்கும், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும்.

*

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனின் பழைய பாஸ்வேர்டு 2019-இல் உடைந்தது. 1980 வாக்கில் வெளியான பிஎஸ்டி யூனிக்ஸின் பாஸ்வேர்டு ஃபைலில் அது மறையாக்கம் செய்யப்பட்டுக் கிடந்தது. உடைத்துப் பார்த்தால், சதுரங்க ஆட்டத்தின் முதல் நகர்த்தல்! ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதை, பழைய சதுரங்கக் குறிப்பு முறையில் எழுதி வைத்திருந்தார். தாம்சன் சதுரங்கம் ஆடும் பெல் என்ற இயந்திரத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அந்தக் கால யூனிக்ஸ், பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். எட்டே எழுத்துதான் என்றாலும், அவருடையதை உடைக்க 2019-இன் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நான்கு நாளுக்கு மேல் பிடித்தது.

*

சர்வருக்குள் பத்திரமாக நுழைய நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் பிறந்தது 1995-இல். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதுதான் காரணம். எழுதியவர் டாட்டு யுலோனன். அதற்கு 22-ஆம் போர்ட் எப்படிக் கிடைத்தது? எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. போர்ட் எண்களை ஒதுக்குபவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

*

ஃபயர்வால் விதிகளை எழுதும்போது வரிசைதான் உயிர். லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் எந்த விதி முதலில் பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப் ஃபயர்வாலில் நேர் எதிர்: கடைசியாகப் பொருந்தும் விதியே செல்லும், ‘குவிக்’ என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டும் அங்கேயே முடிவு. பிஎஃபில் “எல்லாவற்றையும் தடு” என்று முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே வேண்டியதை மட்டும் திறந்துகொண்டே போகலாம். அதே வரியை ஐபிடேபிள்ஸின் தலையில் போட்டால் கீழே எழுதிய எதற்கும் வேலை இருக்காது.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. நான் வெளியூரில் இருந்துகொண்டு வீட்டு சர்வரின் விதிகளை மாற்றினேன். 22-ஆம் போர்ட்டைத் திறக்கும் வரியை எழுதுவதற்கு முன்பே “உள்ளே வருவதையெல்லாம் தள்ளு” என்ற வரியைத் தட்டிவிட்டேன். திரையில் கர்சர் அப்படியே நின்றது. அம்மாவுக்குப் போன் செய்து, டிவி பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துப் போடச் சொன்னேன். விதிகளைச் சேமிக்காததால் மெஷின் பழைய நிலையில் எழுந்தது. ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்று ஒரு கட்டளை இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. புது விதிகளைப் போட்டுவிட்டு “சரியா?” என்று கேட்கும், சில விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழையதையே திரும்பப் போட்டுவிடும்.

*

192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி இணையத்தில் செல்லாது, ஆகவே வெளியாள் நேராக வர முடியாது என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் வீட்டுக் கருவி ஒவ்வொன்றும் பொது முகவரியே பெறலாம். அப்போது வாசலில் காப்பது ரவுட்டரின் ஃபயர்வால்தான். அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

*

75 சென்ட் போல, 2024-இல் ஓர் அரை விநாடி. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டினால், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையவிடும் திருட்டுக் கதவு. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒத்தாசை செய்து நம்பிக்கை சம்பாதித்து, அதை நுழைத்திருந்தார். மார்ச் 29 அன்று ஃபிராய்ண்ட் உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்பே தடுத்தாயிற்று.

அவர் கண்ணில் முதலில் பட்டது என்ன தெரியுமா? தப்பான பெயர் போட்டு உடனே தோற்றுப்போகும் லாகின்கள்கூட அவர் மெஷினில் அளவுக்கு மீறிய சிபியு நேரத்தைத் தின்றன. லாஸ்ட்பியில் நாம் பார்க்கும் அதே வகை முயற்சிகள்தான்.