மோட்டுப்பள்ளித் தூணும் குண்டூர் வத்தலும்

"குண்டூர் வத்தல் வந்திருக்கா அண்ணாச்சி?" என்று கேட்காத வாடிக்கையாளர் நம் கடைகளில் குறைவு. குண்டூர் வத்தல், நெல்லூர் அரிசி, அனகாப்பள்ளி வெல்லம், துக்கிராலா மஞ்சள், பலாசா முந்திரி என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே நாம் சரக்கு விற்கிறோம். இவை எல்லாம் கோஸ்தா ஆந்திரா எனப்படும் கடலோர ஆந்திரத்து ஊர்கள். அந்தச் சீமையை நம்மில் பலர் சாக்கின் மேல் எழுதிய எழுத்திலும் லாரி ரசீதிலும் மட்டுமே பார்த்திருக்கிறோம். நமக்குச் சோறும் காரமும் அனுப்பும் பூமியைச் சற்று அறிந்துகொள்வது வியாபாரத்துக்கும் நல்லது.

இரண்டு ஆறுகளின் கொடை

வடக்கே ஒரிசா எல்லையில் இச்சாபுரம், தெற்கே நம் எல்லையில் தடா. இவற்றுக்கு இடையே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரை. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைகள், கிழக்கே வங்கக் கடல். நடுவில் கோதாவரியும் கிருஷ்ணாவும் வண்டல் கொட்டி உண்டாக்கிய சமவெளி. இரண்டு டெல்டாக்களுக்கும் மத்தியில் கொல்லேறு ஏரி.

இந்தப் பூமி எப்போதும் செழிப்பாக இருந்ததில்லை. 1833-ல் குண்டூர்ச் சீமையில் வந்த பஞ்சத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றில் ஓடிய தண்ணீர் வயலுக்கு ஏறாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவிரி, கொள்ளிடத்தில் வேலை பார்த்து, கல்லணையின் நுட்பத்தைக் கற்றுக்கொண்ட சர் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர், ராஜமுந்திரிக்கு அருகே தவளேஸ்வரத்தில் 1847-ல் அணைக்கட்டு வேலையைத் தொடங்கி 1852-ல் முடித்தார். அடுத்து 1855-ல் விஜயவாடாவில் கிருஷ்ணா அணைக்கட்டு வந்தது. பஞ்சம் பட்ட நிலம் அரிசிக் களஞ்சியம் ஆயிற்று. இன்றும் கோதாவரிக் கரை ஊர்களில் காட்டன் துரைக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள்.

நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்து, பயறு விதைகளைத் தூவிவிடுவது இந்த டெல்டா விவசாயிகளின் வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது விளைந்துவிடும். நம் தஞ்சைப் பகுதியிலும் இதே முறை உண்டு. நாம் விற்கும் இட்லி உளுந்தில் கணிசமான பங்கு இப்படி விளைந்து வருவதுதான்.

முப்பதில் ஒரு பங்கு

வணிகர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் ஒன்று இங்கே இருக்கிறது. சீராலாவுக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள மோட்டுப்பள்ளி. இன்று சிறு கிராமம். 13-ம் நூற்றாண்டில் காகதீய அரசின் பெரிய துறைமுகம்.

அந்தக் காலத்தில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. புயலில் சிக்கிக் கப்பல் கரை ஒதுங்கினால், அதிலுள்ள பொன், யானை, குதிரை, ரத்தினம் முதலிய அனைத்தையும் அந்தக் கரையை ஆளும் மன்னர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடலிடம் தப்பிய வணிகன் கரையில் முதலை இழப்பான். 1244-ல் காகதீய மன்னர் கணபதிதேவர் இதற்கு முடிவு கட்டினார். கடல் கடந்து வரும் வணிகர்கள் உயிரைப் பணயம் வைத்து வருகிறார்கள். ஆகவே நிர்ணயித்த சுங்கத்தைத் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டோம் என்று அபய சாசனம் வெட்டி வைத்தார். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், முத்து, பவளம், செம்பு, ஈயம், பட்டு நூல், மிளகு, பாக்கு என்று சரக்குகளும் சாசனத்தில் பட்டியலிடப்பட்டுள்ளன.

அவருக்குப் பின் அவர் மகள் ருத்ரமதேவி ஆண்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியக் கரைகளுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்தத் துறைமுகத்தின் பெயரால் நாட்டையே 'முத்பிலி' என்று குறித்து, அரசியின் நீதியையும் சிலந்தி வலை போன்ற மெல்லிய துணிகளையும் வியந்து எழுதியிருக்கிறார். வரி எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்தால், ஆபத்தில் சரக்கு பறிபோகாது என்ற உறுதி இருந்தால், வணிகன் எங்கிருந்தும் வருவான் என்பதற்கு மோட்டுப்பள்ளி சாட்சி.

பின்னாளில் மசூலிப்பட்டணம் பெயர் பெற்றது. 1611-ல் ஆங்கிலக் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்தது, கலம்காரித் துணிக்காகத்தான்.

நமக்கும் அவர்களுக்கும்

தமிழகத்தோடு இந்தச் சீமைக்கு உள்ள உறவு பழையது. ராஜமுந்திரியை ஆண்ட ராஜராஜ நரேந்திரனின் தாய் குந்தவை, முதலாம் ராஜராஜ சோழனின் மகள். நரேந்திரன் மணந்தது ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை. அவர்கள் பிள்ளைதான் 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அதே நரேந்திரனின் அவையில்தான் நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார்.

ரயிலும் லாரியும் பெருகுமுன், டெல்டாவின் சரக்குகள் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் சென்னைக்கு வந்தன. கோதாவரி மாவட்டத்துப் பெனுகொண்டா, ஆரிய வைசியர்களின் குலதெய்வமான வாசவி கன்னிகா பரமேஸ்வரியின் ஊர். 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறும் வரை சென்னைக்கே காய்கறி கொடுத்த கொத்தவால் சாவடிச் சந்தை, அந்த அம்மன் பெயரிலான தேவஸ்தானத்தின் இடத்தில்தான் நடந்தது. தனி ஆந்திரம் கேட்டு 1952-ல் சென்னையில் 58 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்த பொட்டி ஸ்ரீராமுலுவும் ஜார்ஜ் டவுனில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவரே. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது.

யார்டில் பார்க்க வேண்டியவை

குண்டூர் மிளகாய் யார்டுக்கு ஒருமுறையாவது நாம் நேரில் போய் வர வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரத்து உச்சம். களத்தில் காய்ந்த வத்தலை விவசாயி மூட்டையில் கொண்டுவருவார். கமிஷன் வியாபாரி மூலம் விலை முடியும். மெல்லியது 'சன்னம்'. சொல் நமக்கும் தெரிந்ததுதான். காரம் அதிகம் வேண்டுவோர் தேஜா கேட்பார்கள். நிறத்துக்கு பியாடகி வகை.

கோடை உச்சத்தில் யார்டுக்குச் சில வாரம் விடுமுறை. அதன்பின் நமக்கு வருவது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குச் சரக்கு. அந்த மூட்டையை இறக்கியவுடன் அடுக்கிவிடக் கூடாது. குளிர் விட்டதும் வத்தலில் ஈரம் பூக்கும். வாயைப் பிரித்துக் காற்றாட விட்டுப் பிறகே அடுக்க வேண்டும். சட்டப்படி வத்தலில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரச் சரக்கை மலிவு என்று வாங்கினால் எடை குறைவது மட்டுமல்ல, பூஞ்சை பிடித்து உண்போர் உடம்புக்கே கேடாகும்.

புயல் மாதங்கள்

இந்தக் கரையின் பெரிய எதிரி புயல். 1864-ல் மசூலிப்பட்டணத்தில் ஒரே இரவில் சுமார் 30 ஆயிரம் பேர் மாண்டனர். 1977 நவம்பர் 19 அன்று திவிசீமையைக் கடல் புரட்டியபோது சுமார் பத்தாயிரம் பேர். 1990 மே மாதம் அதே போன்ற கடும் புயல் வந்தும், முன்னெச்சரிக்கை செய்து மக்களை வெளியேற்றியதால் உயிரிழப்பு ஆயிரம் அளவில் நின்றது. 1996-ல் கோனசீமையின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை நாம் மறக்க முடியாது. 4-ம் தேதி சென்னையில் நம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மறுநாள் அதே புயல் பாபட்லா அருகே, மோட்டுப்பள்ளிக்கு வெகுதூரமில்லாத இடத்தில், கரை ஏறி அறுவடை நெல்லை நாசமாக்கியது. நம் மூட்டைகளும் அவர்கள் நெல்லும் ஒரே மழையில் நனைந்தன.

அத்தகைய நாட்களில் நாம் செய்வது என்ன? அங்குள்ள மண்டிக்காரருக்குப் போன் போட்டு, "சரக்கு ஏத்தியாச்சா?" என்று கேட்கிறோம். வீடு, பிள்ளைகள் எப்படி என்று கேட்க மறந்துவிடுகிறோம். புயல் சேதி வந்ததும் இருப்பை உள்ளே தள்ளி விலையை ஏற்றுவோரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. கரை ஒதுங்கிய கப்பலைச் சுருட்டிய அந்தக் காலத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆகவே மூன்று காரியம் செய்யலாம். வரும் சரக்குக்குப் போக்குவரத்துக் காப்பீடு செய்வோம். வழியில் நனைந்தால் நஷ்டம் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் முடித்துக்கொள்வோம். புயலடித்த ஊரின் வியாபாரிக்கு நாம் தர வேண்டிய பாக்கியைத் தவணை பார்க்காமல் முதலில் அனுப்பி வைப்போம். நம் கடையில் தண்ணீர் புகும் நாளில் அவர்களும் நமக்குத் தவணை தருவார்கள்.