வக்காலத்து வாங்கும் தாதி

சென்ற நோன்புப் பெருநாள் லீவில் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது வெளி மாவட்டமொன்றில் தாதிய உத்தியோகத்தர். வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

“டீச்சர், ஒரு வயசான உம்மா. சீனி வருத்தத்தில் கால் பழுதாப் போச்சு. அடுத்த நாள் ஒப்பரேசன். படிவத்தில் கைநாட்டு வச்சிருக்கிறா. ஆனா என்னைப் பார்த்து, ‘கழுவி மருந்து கட்டத்தானே போறாங்க மகள்?’ எண்டு கேக்கிறா.”

படிவம் சிங்களத்தில் இருந்தது. எடுக்கப்போவது கால் என்று அந்த உம்மாவுக்கு விளங்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. இவள் டொக்டரிடம் போய்ச் சொன்னாள். சத்திரசிகிச்சை ஒருநாள் தள்ளிப்போயிற்று. டொக்டர் வந்து விளக்க, இவள் தமிழில் சொன்னாள். மகன் வந்து சேர்ந்த பிறகு அந்த உம்மா அழுதுகொண்டே, ஆனால் அறிந்தே, சம்மதித்தார். டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்தது வார்டில் இருந்த மூத்த தாதி. “நீ என்ன, நோயாளிக்கு வக்காலத்து வாங்க வந்தியா?”

“நான் செஞ்சது சட்டப்படி சரியா பிழையா டீச்சர்?” என்பதுதான் அவளுடைய கேள்வி. நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் அந்த ஏச்சுச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வக்காலத்து என்பது அறபியிலிருந்து நம்மிடம் வந்த சொல். வகீல் என்றால் இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர். நமது நிக்காஹ் மஜ்லிஸ்களில் கேட்டுப் பழகியதுதான். தாதியியல் நூல்கள் இன்று தாதியின் கடமை என்று சொல்லும் ஒன்றைத்தான் அந்த மூத்தவர் வசையாகச் சொல்லியிருக்கிறார்.

இது எப்போதும் கடமையாக இருந்ததில்லை. தாதியர் பட்டமேற்கும்போது எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ரோயிட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் எழுதப்பட்டது. வைத்தியருக்கு விசுவாசமாக உதவுவேன் என்பது அதில் ஒரு வாக்கு. சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் வெளியிட்ட ஒழுக்கக் கோவையிலும் அந்த விசுவாசம் இருந்தது. 1973இல் திருத்தியபோதுதான் தாதியின் முதற் பொறுப்பு தன் பராமரிப்பை வேண்டி நிற்பவருக்கே என்று மாற்றி எழுதினார்கள்.

நீதிமன்றம் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 1960 நவம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் சார்ள்ஸ்டன் என்ற சிற்றூரில் 18 வயது மாணவன் ஒருவன் பந்து விளையாடும்போது கால் முறிந்தது. அவசரப் பிரிவில் இருந்த டொக்டர் மாக்கட்டுப் போட்டார். சிறிது நேரத்திலேயே வலி தாங்க முடியவில்லை. விரல்கள் வீங்கிக் கறுத்தன. பிறகு குளிர்ந்து உணர்ச்சியற்றுப் போயின. மறுநாள் விரல்களைச் சுற்றிக் கட்டைக் கொஞ்சம் வெட்டினார் டொக்டர். அதற்கு அடுத்த நாள் இன்னும் சில அங்குலம். 8ஆம் திகதி கட்டைப் பிளந்தபோது வாள் காலின் இரு பக்கமும் பட்டது. அறையில் அடித்த நாற்றம், உலகப் போருக்குப் பிறகு தான் முகர்ந்த ஆக மோசமான நாற்றம் என்று ஒருவர் சாட்சி சொன்னார். இத்தனைக்கும் அந்தப் பிள்ளை 19ஆம் திகதி வரை அங்கேயேதான் கிடந்தான். கடைசியில் வேறு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

வைத்தியம் செய்தது டொக்டர், அதற்கு நாங்கள் என்ன செய்வது என்ற விதமாக வைத்தியசாலை வாதாடியது. 1965இல் இலினோய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேர்ந்த தாதி ஒருவர் இரத்தவோட்டம் தடைப்படுவதை உடனே இனங்கண்டிருப்பார். முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும், டொக்டர் அசையாவிட்டால் வைத்தியசாலை நிருவாகத்திடம் போக வேண்டும் என்றது. டொக்டர் அசையாவிட்டால் என்ற அந்தப் பகுதிதான் முக்கியம். ‘நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை’ என்பதோடு தாதியின் கடமை முடிந்துவிடுவதில்லை. டார்லிங் வழக்கு என்று இதைத் தாதியர் கல்லூரிகளில் இன்றும் படிப்பிக்கிறார்கள்.

1962இல் லூசியானாவில் தீர்ப்பான இன்னொரு வழக்கு இதைவிட நெஞ்சைச் சுடுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கு இதய மருந்து 3 சீசீ கொடுக்கும்படி டொக்டர் எழுதினார். வாயால் கொடுக்கும் பாணியா, ஊசியா என்று எழுதவில்லை. ஊசி மருந்து பாணியைவிட ஐந்து மடங்கு வீரியமானது. ஆள் குறைவு என்று வார்டுக்கு உதவ வந்த மேற்பார்வைத் தாதிக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்ற வேறு டொக்டர்களிடம் கேட்டார், எழுதியவரிடம் கேட்கவில்லை. ஊசி போட்டார். குழந்தை மௌத்தாகிவிட்டது. டொக்டரும் பிழை, தாதியும் பிழை என்றது தீர்ப்பு. சந்தேகம் வந்தால் எழுதியவரையே தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். நள்ளிரவு என்றாலும்தான்.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2017இல் யூட்டா மாநிலத்தில், விபத்தில் சிக்கி நினைவின்றிக் கிடந்த லொறிச் சாரதியின் இரத்தத்தை எடுக்கப் பொலிஸ் வந்தது. அலெக்ஸ் வபெல்ஸ் என்ற தாதி விடவில்லை. நீதிமன்றப் பிடியாணை வேண்டும், அல்லது நோயாளியின் சம்மதம் வேண்டும், அல்லது அவர் கைதாகியிருக்க வேண்டும் என்று வைத்தியசாலையின் விதியைக் கடதாசியில் வைத்துக்கொண்டே வாசித்தார். அவருக்கு விலங்கு மாட்டி இழுத்துச் சென்றார்கள். பிறகு அந்தப் பொலிஸ்காரருக்குத்தான் வேலை போயிற்று. வபெல்ஸுக்கு 5 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. அவர் சத்தம் போட்டதால் அல்ல, கையில் எழுத்து இருந்ததால் நின்று பிடித்தார் என்றே நினைக்கிறேன்.

இவை அந்நிய நாட்டுத் தீர்ப்புகள். நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. நமது நாட்டில் தாதியரைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டம். கவனயீனத்தால் வந்த கேட்டுக்கு நட்டஈடு கேட்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே. மாணவியின் கதையில் இன்னொன்றும் சேர்கிறது. 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. விளங்காத மொழியில் வைத்த கைநாட்டு, கைநாட்டேயொழியச் சம்மதம் அல்ல. அதை அவள் கண்டாள், உரியவரிடம் சொன்னாள். சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்டேன்: “டொக்டரிடம் சொன்னதை, நேரம் போட்டு நோயாளியின் குறிப்பில் எழுதினாயா?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்ல டீச்சர்.”

எழுதாவிட்டால், நாளை ஒரு விசாரணை வந்தால் அவள் சொன்னதற்கு அத்தாட்சி ஏது? அந்த மூத்த தாதி அவளுக்காக வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

பிறகுதான் கைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தாள். வார்டில் வரும் சொற்களுக்கு வயசானவர்களுக்கு விளங்கும் தமிழ் வேண்டுமாம். “‘அகற்றுதல்’ எண்டு சொன்னா அவங்களுக்கு விளங்குதில்ல டீச்சர். ‘காலை எடுக்கப் போறாங்க’ எண்டுதான் சொன்னேன். சொல்லேக்க எனக்கே தொண்டை அடைச்சுது.” அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இருவரும் இருந்து எழுதினோம். பதினேழு சொற்கள் ஆயின. பயொப்சிக்குத்தான் இன்னும் அகப்படவில்லை.