குளிசை கொடுத்தோம், சோறு கொடுத்தோமா?

நீரிழிவென்றும் சலரோகமென்றும் நூல்கள் கூறும் நோயை எங்கள் ஊர்களிலே 'சீனி வருத்தம்' என்றே சொல்வார்கள். பெயரிலேயே சீனி இருப்பதனாற் போலும், அந்த வருத்தம் உள்ள முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், மற்றையோர் செய்யும் முதற் காரியம் சீனிப் போத்தலை எட்டாத தட்டிலே தூக்கி வைப்பதாகும். நானும் அதையே செய்தேன். அம்மாவுக்கு அப்பொழுது 72 வயது. தேநீரிலிருந்து சீனி போயிற்று. தீபாவளிப் பலகாரம் போயிற்று. மாம்பழக் காலத்திலே கறுத்தக்கொழும்பானும் போயிற்று. காலையும் மாலையும் குளிசையைக் கையிலே கொடுத்து, அவர் விழுங்கும் வரையும் நின்று பார்த்துவிட்டே அப்பாற் செல்வேன். பிள்ளையின் கடமையை வழுவின்றிச் செய்கிறேன் என்ற திருப்தியும் எனக்கு இருந்தது. அந்தத் திருப்தியினாலேயே ஒரு நாள் அவரை இழக்க இருந்தேன்.

2019ஆம் ஆண்டுக் கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். அம்மா நாற்பது வருடத்துக்கு மேலாகச் சஷ்டி விரதம் அனுட்டித்து வருபவர். பகல் முழுவதும் ஒன்றும் உண்ணாது, மாலைப் பூசை கண்ட பின்னரே பாலும் பழமும் கொள்வார். அன்று காலை நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது வழக்கம்போலக் குளிசையை நீட்டினேன்.

"இண்டைக்கும் விரதமெல்லே, தம்பி" என்றார்.

"மருந்து விரதத்தைக் கெடுக்காது, விழுங்குங்கோ அம்மா" என்றேன்.

விழுங்கினார். அவருக்கு என் சொல்லிலே அவ்வளவு நம்பிக்கை.

நண்பகல் கழிந்து சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. நடந்தவற்றைப் பின்னர் கேட்டறிந்தபடி எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தபோது, அம்மா விறாந்தையிலே சேலையெல்லாம் வேர்வையில் நனைய அமர்ந்திருந்தாராம். பேச்சுக் குழறியது. காலஞ்சென்ற தம்முடைய தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் ஏன் இன்னும் சாப்பிட வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். 'சீனி ஏறிப்போய்விட்டது' என்று எண்ணிய அந்த நல்ல மனுஷி, ஓடிச்சென்று பாவற்காயை இடித்துச் சாறு பிழிந்து கொண்டுவந்துவிட்டார். கிண்ணம் வாயருகே போன வேளையிலேதான் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காலமை என்ன சாப்பிட்டவ?"

விடை கிடைத்ததும் பாவற்காய்ச் சாறு முற்றத்துக்குப் போயிற்று. அலுமாரியிலே கிடந்த பரிசோதனைக் கருவியை எடுத்து விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் கொண்டு பார்த்தால், அது காட்டிய எண் 42. டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே குறைவென்று கொள்ள வேண்டும். அம்மாவுக்கு விழுங்கும் உணர்வு இருந்தபடியால், நான் எட்டாத தட்டிலே ஒளித்து வைத்திருந்த சீனியில் மூன்று தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரிற் கரைத்து, மிடறு மிடறாகப் பருக்கினார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 74. 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் வண்டியும் வந்துவிட்டது. எழும்பி அமர்ந்துவிட்டாரே, இனி ஏன் ஆஸ்பத்திரி என்று அயலவர் சிலர் கேட்டார்களாம். தாதி இணங்கவில்லை. அவருடைய பிடிவாதம் எவ்வளவு சரியென்பது அன்று பின்னேரமே தெரிந்தது. வார்டிலே அம்மாவுக்கு மறுபடியும் சீனி இறங்கிற்று. நாளம் வழியாகக் குளுக்கோசு ஏற்றி, இரண்டு இரவுகள் வைத்துப் பார்த்த பின்னரே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதை அங்கிருந்த வைத்தியர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். எல்லாச் 'சீனிக் குளிசை'களும் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. அம்மா உட்கொண்டது கிளிபென்கிளமைட்டு. 1950களிலே வழக்குக்கு வந்த தொல்பியூற்றமைட்டு முதலிய குளிசைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இவை சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. வயிற்றிலே சோறு இருக்கிறதா, வெறும் வயிறா என்று அவை பார்ப்பதில்லை. கிளிபென்கிளமைட்டின் வேகமோ ஒரு நாள் முழுவதும் நீடிக்கக்கூடியது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வலிமை குறைவதனால், முதியோரின் உடலில் அது இன்னும் நெடுநேரம் தங்கிவிடுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது உகந்ததன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டிருக்கின்றது. இதே குடும்பத்துக் கிளிக்லசைட்டு ஓரளவு சாதுவானது. ஆயினும் அதுவும் உணவோடு சேர்ந்தே போகவேண்டியதுதான்.

மெற்போமின் வேறு சாதி. பிரெஞ்சு வைத்தியர் ஜான் ஸ்ரேர்ண் 1957இல் மனிதருக்குக் கொடுத்துப் பயன் கண்டு எழுதிய இம்மருந்து, ஈரல் அளவுக்கு மிஞ்சிக் குளுக்கோசு ஆக்குவதைக் குறைக்கின்றது. தனியாக உட்கொண்டால் இது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றோட்டமும் வரலாம். ஆகவே உணவோடு கொடுக்க வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு பி12 உயிர்ச்சத்துக் குறைவதுண்டு. சிறுநீரகத்தை இடைக்கிடை சோதித்துக்கொள்வதும் அவசியம்.

ஆகவே, தாய் தந்தையருக்கு மருந்து கொடுக்கும் பிள்ளை முதலில் அறிய வேண்டியது, கையிலுள்ள குளிசை இந்த இரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதே. நான் மூன்று வருடம் கொடுத்தேன். ஒரு நாளாவது அதைக் கேட்கவில்லை. நிறத்தையும் நேரத்தையும் மாத்திரம் அறிந்திருந்தேன்.

சீனி இறங்குவதன் அறிகுறிகளும் முதியோரிடம் ஏமாற்றிவிடக்கூடியவை. இளம் வயதினருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பசி எடுக்கும். முதியவரோ சில வேளை தூங்கி வழிவார், அல்லது சம்பந்தமில்லாது பேசுவார், தள்ளாடி விழுவார். 'வயசு போன மனுசி, அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிடுவதும், பாரிசவாதம் என்று அஞ்சுவதும் இதனாலேயே. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க வேண்டும். அளக்க வழியில்லையெனிற் சீனித் தண்ணீர் கொடுப்பதே மேல். ஏறியிருந்த சீனி மூன்று தேக்கரண்டியால் இன்னும் சிறிது ஏறுவதனால் உடனே உயிர் போய்விடாது, இறங்கிய சீனியை இறங்கவிட்டால் போய்விடலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவரின் வாயிலே எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழாயினுள்ளே போய்விடும். அவரை ஒருபுறமாகச் சரித்துப் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதியவருக்குச் சீனியை எவ்வளவுக்கு இறக்கலாம் என்பதிலும் எனக்கு இருந்த எண்ணம் பிழையானதே. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லதென்று நினைத்திருந்தேன். இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' என்னும் சோதனையிலே, வேறு நோயில்லாத திடமான முதியவருக்கு 7 அல்லது 7.5 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கலாம் என்பார்கள். பல நோய்களும் தளர்ச்சியும் உடையவர்களுக்கு 8 வீதம் வரை விட்டுப்பிடிப்பதே பாதுகாப்பென்பது இப்பொழுது வைத்தியர்களின் கருத்து. எழுபது எண்பது வயதிலே ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின்னர் எழுந்து நடப்பது எல்லோருக்கும் கைகூடுவதில்லை.

இனி உணவு. இங்கே எங்கள் வீடுகளிலே இரண்டு நம்பிக்கைகள் ஆழ வேரூன்றியிருக்கின்றன. ஒன்று, பனங்கட்டி தீங்கு செய்யாதென்பது. சீனியில்லாத் தேநீரைப் பனங்கட்டியோடு கடித்துக் குடிப்பதிலுள்ள இன்பம் யாழ்ப்பாணத்தார் அறிந்ததே. ஆனால் அந்தக் கட்டியிலும் பெரும்பங்கு சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். மற்றது, குரக்கனுக்குச் சீனி ஏறாதென்பது. குரக்கனிலே நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம். நல்ல தானியம், மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் குரக்கனிலே 70 கிராமுக்கு மேல் மாப்பொருள் இருக்கின்றது. அரிசியிலே அதிலும் சிறிது கூட, அவ்வளவே. சோற்றை விலக்கிவிட்டுக் குரக்கன் பிட்டைக் கோபுரமாகக் குவித்து உண்பவர் ஏமாற்றுவது தம்மைத்தான். ஒடியற் பிட்டுக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அளவு எப்படி அறிவது? தராசு வைத்து நிறுப்பது எந்த வீட்டில் நடக்கும்? கோப்பையைக் கண்ணாலே நான்காகப் பிரிக்கச் சொல்லித்தந்தார்கள். இரண்டு பங்கு மரக்கறியும் கீரையும். ஒரு பங்கு மீன், முட்டை, பயறு, கடலை போன்றவை. எஞ்சிய ஒரு பங்கே சோறோ பிட்டோ இடியப்பமோ. சொல்ல எளிது. எங்கள் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. சோற்றை மலையாக வைத்து, அதற்கு உருளைக்கிழங்குக் கறியும் வைத்து, கீரையைத் தொட்டுக்கொள்வோம். அம்மாவிடம் 'சோற்றைக் குறையுங்கோ' என்று சொன்ன நாளெல்லாம் சண்டையே மிஞ்சிற்று. சோற்றைப் பற்றிப் பேசாது, வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் பயற்றங்காயும் முதலிலே கோப்பையிற் போட்டபோது, சோற்றுக்கு இடம் தானாகவே குறைந்தது. இந்த உபாயம் என் மனைவியுடையது, என்னுடையதன்று.

பற்கள் போனவர்களின் நிலை வேறு. அவர்கள் மெல்ல முடியாமையால் பாணைத் தேநீரிலே தோய்த்துத் தின்று வயிற்றை நிரப்பிவிடுவார்கள், உடல் மெலியும். இத்தகையோருக்கு மேலும் மேலும் பத்தியம் விதிப்பது கொடுமை. குழையக் காய்ச்சிய பயற்றங்கஞ்சியும் முட்டையும் முள் நீக்கிய மீனும் கொடுத்துத் தேற்றவே பார்க்க வேண்டும். கறுத்தக்கொழும்பானையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டாக, அந்த வேளைச் சோற்றிலே ஒரு கரண்டியைக் குறைத்து. அதன் பின்னர்தான், மாம்பழக் காலத்திலே பகலில் அம்மா அடிக்கடி அயல் வீட்டுக்குப் போய்வந்த காரணம் எனக்கு விளங்கிற்று!

இன்னொரு மோசத்தையும் சொல்லியாக வேண்டும். மாதாந்தக் கிளினிக்கிலே ஒரு பை குளிசை. இடையிலே தலைச்சுற்று என்று தனியார் வைத்தியரிடம் போனால் அங்கே இன்னொரு பை. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்தாயிருக்கும், வர்த்தகப் பெயர் மாத்திரம் வேறாக. முதியவர் இரண்டையும் ஒழுங்காக விழுங்குவார். எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள அத்தனை குளிசைகளையும் ஒரு பையிலே போட்டு எடுத்துச் செல்வது நலம். நாட்டு மருந்தும் அந்தப் பையிலே இருக்கட்டும். பாவற்காய்க்கும் கொவ்வை இலைக்கும் சீனியைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு. ஆனபடியாற்றான் குளிசையோடு அவற்றையும் சாறாகக் குடிப்பதை வைத்தியர் அறிந்திருக்க வேண்டும். கறியாகச் சமைத்து உண்பதைப் பற்றிப் பயமில்லை.

ஊசி போடச் சொன்னால் 'கடைசிக் காலம் வந்துவிட்டது' என்று முதியோர் கலங்குவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1921இலே ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் கண்டறிந்த இன்சுலின், அடுத்த ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக ஏற்றப்பட்டது சாகக்கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு. அவன் அதன் பின் பல ஆண்டுகள் வாழ்ந்தான். முடிவுக்கான மருந்தன்று அது. ஆனால் நாளுக்கு நாள் கண் மங்கும் ஒருவர் தாமாகவே அளவைப் பார்த்து ஊசியில் எடுப்பதை நம்பியிருக்கலாகாது. வீட்டிலே இன்னொருவர் பழகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தாயும் தகப்பனும் இங்கே தனித்திருக்கும் வீடுகள் எங்கள் பகுதியிலே அநேகம். தொலைபேசித் திரையிலே தோன்றி 'அப்பா, சீனி போடாதேங்கோ' என்று சொல்வதோடு அவர்கள் ஆறுதலடைகிறார்கள். அதற்குப் பதிலாக 'இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள், எத்தனை மணிக்கு?' என்று கேட்டால், இருவருக்கும் பேச்சும் வளரும், பயனும் உண்டு. இரவிலே பாதத்தைப் பார்த்தீர்களா என்றும் கேட்கலாம். உணர்ச்சி மரத்த காலோடு வெயிலிலே கோயில் வீதியைச் சுற்றி, கொப்புளம் கண்டதும் தெரியாமல் நடந்து, பின்னர் விரலை இழந்தவர்களை நான் அறிவேன்.

அம்மாவிடம் விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சஷ்டிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வைத்தியரிடம் அழைத்துப் போனேன். கேள்வியை நான் தொடங்குமுன் அம்மாவே கேட்டார். மருந்து ஏற்கனவே மாற்றப்பட்டிருந்தது. வைத்தியர் காலையில் பாலும் சிறிது பயற்றங்கஞ்சியும் கொள்ளும்படியும், குளிசையை மாலை உணவோடு வைத்துக்கொள்ளும்படியும், நடுவிலே 70க்குக் கீழே இறங்கினால் அக்கணமே விரதத்தை முடிக்கும்படியும் சொன்னார். அம்மா சிறிது யோசித்து, "முருகன் கோவிக்கமாட்டார்" என்று தாமே தீர்ப்புக் கூறிவிட்டார். இவ்வொழுங்கு அம்மாவின் உடலுக்கு அமைந்தது. பிறர் தத்தம் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவருடைய கொட்டைப்பெட்டியிலே வெற்றிலை பாக்கோடு குளுக்கோசுப் பொட்டலம் ஒன்றும் இருக்கின்றது. 2023ஆம் ஆண்டுச் சஷ்டியிலே கோயில் மண்டபத்தில் அதைக் கண்ட ஒரு கிழவி, "சீனி வருத்தக்காரிக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டாராம். அம்மா தம் கதையைச் சொல்லியிருக்கிறார். சூழ இருந்தவர்களில் மூவர் அன்று காலை குளிசை போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள்.