தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளை: காரணம் தெரிந்த பிறகே சிகிச்சை

பாடம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறு வயதுச் சிறுவன் மேசையில் தலையை முட்டிக்கொள்ளத் தொடங்குகிறான். பதறிப்போன ஆசிரியர், அவனை மூலையில் உள்ள மெத்தைக்கு அழைத்துச் சென்று தனியாக உட்கார வைக்கிறார். சிறுவன் அடங்கிவிடுகிறான். மறுநாள், புத்தகத்தைத் திறந்த உடனேயே மீண்டும் முட்டுகிறான்.

இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால், மதியிறுக்கம் அல்லது அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இத்தகைய காட்சி புதிதல்ல. ஆசிரியர் தண்டனை என்று நினைத்துச் செய்தது, அந்தச் சிறுவனுக்குப் பரிசாகிவிட்டது. தலையை முட்டினால் பாடம் நின்றுவிடும் என்று அவன் கற்றுக்கொண்டான்.

ஒரு நடத்தையை நிறுத்த முயல்வதற்கு முன், அது எதற்காக நிகழ்கிறது என்று கண்டறிய வேண்டும். நடத்தைப் பகுப்பாய்வுத் துறை கடந்த நாற்பது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றுள் சிகிச்சை அறைக்கு மிகவும் பயன்படும் பாடம் இதுதான்.

நடத்தை ஒன்று, காரணம் பல

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிரையன் ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேர் அதில் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் 15 நிமிட அமர்வுகளில் நான்கு விதமான சூழல்களில் கவனிக்கப்பட்டனர். ஒன்றில், அவர்கள் தம்மைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டுமே பெரியவர் கவனித்துப் பேசினார். இன்னொன்றில் பாட வேலை கொடுக்கப்பட்டது. காயப்படுத்திக்கொண்டால் வேலை சற்று நேரம் நிறுத்தப்பட்டது. மூன்றாவதில் அவர்கள் தனியாக விடப்பட்டனர். நான்காவது, எந்த நெருக்கடியும் இல்லாத விளையாட்டு நேரம்.

ஒன்பது பேரில் ஆறு பேரின் நடத்தை, குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் தொடர்ந்து அதிகமாக இருந்தது. வெளிப் பார்வைக்கு ஒரே மாதிரியான செயல். ஒருவருக்கு அது கவனத்தைப் பெறும் வழி. இன்னொருவருக்கு வேலையிலிருந்து தப்பும் வழி. வேறொருவருக்கோ அந்த உடல் உணர்வே போதுமானதாக இருந்தது.

ஐவாட்டா குழுவினர் 1994ல் 152 பேரின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். ஏறத்தாழ 38 விழுக்காட்டினருக்குத் தப்பிப்பதே காரணமாக இருந்தது. கவனமோ விரும்பிய பொருளோ கிடைப்பது 26 விழுக்காட்டினருக்கும், பிறர் தலையீடு இல்லாமல் உடலுக்குக் கிடைக்கும் உணர்வு அதே அளவினருக்கும் காரணமாக இருந்தன. அதாவது, ‘கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறான்’ என்று எல்லாப் பிள்ளைகளையும் பற்றி முடிவு கட்டினால், பெரும்பாலானோரின் நிலையில் அந்த முடிவு தவறாகிவிடும்.

அடிப்பதற்குப் பதில் ஒரு சொல்

காரணம் தெரிந்த பின் என்ன செய்வது? எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிகாட்டியது. நான்கு பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். பாடம் கடினமாக இருக்கும்போது தொல்லை தரும் பிள்ளைக்கு, ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தனர். கவனத்துக்காக ஏங்கும் பிள்ளைக்கு, ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தனர். தொல்லை தரும் நடத்தை வெகுவாகக் குறைந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. காரணத்துக்குப் பொருந்தாத சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தபோது பலன் கிடைக்கவில்லை. பேசக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. தேவைப்படுவதைக் கேட்டுப் பெறத் தெரிய வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படம் போட்ட அட்டை, கை அசைவு, குரல் எழுப்பும் கருவி ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். முன்னர் குறிப்பிட்ட சிறுவன், ‘கொஞ்சம் ஓய்வு வேண்டும்’ என்ற அட்டையை நீட்டியதும் ஓய்வு கிடைத்தால், தலையை முட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைகிறது. தொடக்கத்தில் கேட்டவுடனே ஓய்வு தர வேண்டும். பின்னர், ‘இன்னும் ஒரு கணக்கு முடித்துவிட்டு’ என்று காத்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

‘கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாக நின்றுவிடும்’ என்ற அறிவுரையும் வீடுகளில் அடிக்கடி கேட்கும். அதை மட்டும் நம்புவதில் ஆபத்து உண்டு. இதுவரை பலன் தந்த நடத்தைக்குத் திடீரெனப் பலன் கிடைக்காவிட்டால், அது அடங்குவதற்கு முன் கடுமையாகலாம். 1995ல் வெளியான ஓர் ஆய்வு, 113 சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தது. பலனை நிறுத்துவதை மட்டுமே சிகிச்சையாகக் கொண்டவற்றில் 36 விழுக்காட்டில் நடத்தை முதலில் உக்கிரமானது. வேறு வழிமுறைகளையும் சேர்த்துக்கொண்டவற்றில் அது 12 விழுக்காடாக இருந்தது.

சிகிச்சை அறையில் என்ன தடை?

இவ்வளவு சான்றுகள் இருந்தும், காரணத்தைச் சோதித்து அறியும் முறை எல்லா இடங்களிலும் பின்பற்றப்படுவதில்லை. 2015ல் வெளியான ஒரு கருத்தாய்வில், நடத்தைப் பகுப்பாய்வு நிபுணர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அச்சோதனையை ஒருபோதும் அல்லது அநேகமாக ஒருபோதும் செய்வதில்லை என்று கூறினர். அதற்கு நேரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. பிள்ளைக்குக் காயம் ஏற்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர்கள் இதற்கும் தீர்வு தேடினர். வெளிநோயாளிப் பிரிவில் 90 நிமிடச் சந்திப்புக்குள் முடிக்கக்கூடிய சுருக்கமான சோதனை முறை 1991ல் வெளியானது. பெற்றோருடனான விரிவான உரையாடலிலிருந்து தொடங்கி, அந்தப் பிள்ளையின் அன்றாடச் சூழலுக்கேற்பச் சோதனையை வடிவமைக்கும் முறையை கிரெகரி ஹேன்லி குழுவினர் 2014ல் வெளியிட்டனர். ஐயோவா மாநிலத்தில், தொலைவில் இருக்கும் நிபுணர் காணொளிவழி வழிகாட்ட, பெற்றோரே 20 சிறுவர்களுக்குச் சோதனையை நடத்திய ஆய்வு 2013ல் வெளிவந்தது.

ஆனால் நிபுணரின் துணையின்றி இச்சோதனையை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. நடத்தையை வேண்டுமென்றே தூண்டும் சோதனை என்பதால், பிள்ளைக்குக் காயம் ஏற்படலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

நடத்தை திடீரெனத் தொடங்கினாலோ கூடினாலோ முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் போன்றவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை, தலையை முட்டிக்கொண்டு அதை வெளிப்படுத்தலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு மருத்துவமனையின் சிறார் வளர்ச்சிப் பிரிவை நாடலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ‘எப்பிக்’ எனப்படும் தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டமும் உள்ளது.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளலாம்: நடத்தைக்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன நடந்தது. ‘கோபப்பட்டான்’ என்று எழுதுவதைவிட, ‘ஐபேட்டை வாங்கியதும் மூன்று முறை தலையை முட்டினான், பாட்டி திருப்பிக் கொடுத்தார்’ என்று எழுதுவது சிகிச்சையாளருக்கு மிகவும் உதவும். இரண்டு வாரப் பதிவு காரணத்தை உறுதிப்படுத்திவிடாது. ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும்.

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, இல்லப் பணிப்பெண் எல்லாரும் பிள்ளையின் புதிய வேண்டுகோளுக்கு ஒரே மாதிரி பதில் தர வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைக்கு, இரண்டு இடங்களிலும் புரியும் அட்டையையோ சைகையையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

இத்துறையின் கடந்த காலத்தில் கறைகளும் உண்டு. தொடக்ககால ஆய்வுகள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு அடி போன்ற தண்டனைகள் தரப்பட்டன. யாருக்கும் தீங்கில்லாத கை அசைப்பு போன்றவற்றைக்கூட நிறுத்த முயன்றதை, மதியிறுக்கம் உள்ள பெரியவர்கள் பலர் கண்டித்துள்ளனர். சிகிச்சையின் இலக்கும் முறையும் பலனும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையவையா என்று கேட்க வேண்டும் என 1978லேயே இத்துறை முன்னோடிகளில் ஒருவரான மான்ட்ரோஸ் வுல்ஃப் எழுதினார்.

ஆகவே, பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்: இந்த நடத்தைக்கு என்ன காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அதற்குப் பதிலாக என் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பீர்கள்? பலன் கிடைக்கிறதா என்பதை எந்தப் பதிவைப் பார்த்துச் சொல்வீர்கள்? இந்த மாற்றம் யாருக்கு நல்லது, பிள்ளைக்கா, பார்ப்பவர்களுக்கா?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் சிகிச்சைத் திட்டம் மட்டும் தயாராக இருந்தால், சற்று நிதானிப்பது நல்லது. தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அது என்ன என்று கண்டறிவதே சிகிச்சையின் முதல் வேலை.