பெட்டி எங்கே, பிள்ளை எங்கே?

தீபாவளி நெருங்கினால் ரொக்கத்துக்கோ தவணைக்கோ புதுத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. எத்தனை அங்குலம் என்று கேட்டு வாங்குகிறோம். யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. சுவரில் காலியாக இருக்கும் இடம், சின்னவன் கைக்கு எட்டாத உயரம், அங்கே மாட்டிவிடுகிறோம்.

முதல் தொல்லை அந்த உயரம்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதோடு கண்ணிமையும் அகலத் திறந்துகொள்வதால் கண்ணின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் குறைந்துபோகும். எரிச்சல், உறுத்தல் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் முழங்கால் உயர மேசையே போதும். குழந்தை இழுத்துத் தள்ளிவிடாதபடி பெட்டியைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது பக்கவாட்டு. அந்தக் காலத்துக் கனமான பெட்டியில் கண்ணாடியின் உட்பூச்சே ஒளி விட்டது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் படம் ஒரே மாதிரி தெரிந்தது. இன்றைய தட்டைப் பெட்டிகளில் பெரும்பாலானவை அப்படி அல்ல. பின்னால் ஒரு விளக்கு; முன்னால் திரவப் படிகம் என்னும் மெல்லிய அடுக்கு. சன்னல் கதவு போல் அது ஒளியை விடும், மறைக்கும். நேரே பார்ப்பவருக்கு அது ஒழுங்காக மறைக்கிறது. ஓரத்தில் இருப்பவருக்கு ஒளி கசிந்து, கறுப்பு சாம்பலாகி, நிறம் வெளுத்துவிடுகிறது. ஓரம் யாருக்குக் கிடைக்கும்? அப்பா நடுவில், அக்காள் பக்கத்தில், கடைக்குட்டி கதவோரத்தில்! எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ஆகவே கடையில் நேரே நின்று மட்டும் பார்க்காதீர்கள். இருட்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, நாலடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

பெட்டியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். வாசலோ குழல் விளக்கோ அதில் தெரிந்தால், படம் ஓடும்போதும் அது உங்கள் கண்ணோடு சண்டை போடுகிறது என்று பொருள். பெட்டியைச் சற்றுத் திருப்பினாலே தீர்ந்துவிடும். எல்லா விளக்கையும் அணைத்து இருட்டில் பார்ப்பதும் வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் சிறு விளக்கு ஒன்று எரியட்டும். 32 அங்குலப் பெட்டிக்கு நாலு முதல் ஆறரை அடி தூரம் சரியாக இருக்கும்.

கைப்பேசி இதைவிடப் பொல்லாதது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் பாடம் படித்த வீடுகள் உண்டு. நடுவில் இருந்தவன் எழுத்தைப் பார்த்தான். ஓரத்தில் இருந்தவர்கள் பளபளப்பைப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் படுத்துப் பார்க்க விடாதீர்கள். முழங்கையிலிருந்து மூடிய கைவரை உள்ள நீளமாவது இடைவெளி வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து தூரத்து மரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் திடலுக்கு விரட்டுங்கள். வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கும்படி பள்ளிகளை ஊக்குவித்தார்கள்.

எத்தனை சொன்னாலும் பிள்ளை திரைக்கு அருகிலேயே போய் உட்கார்ந்தால் அடிக்காதீர்கள். கிட்டே போனதால் கண் கெட்டது என்பதைவிட, கண் தெரியாததால் கிட்டே போகிறது என்பதே உண்மையாக இருக்கலாம். பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதும் சில பிள்ளைகள் 'சோம்பேறி' என்று வீட்டிலும் வகுப்பிலும் பேர் வாங்குகிறார்கள். சோதித்தால் கண்ணாடி தேவைப்படுகிறது. அரைநாள் கூலி போனாலும் கண்ணைச் சோதிக்க அழைத்துப் போங்கள். 'நாலு கண்' என்ற கேலிக்குப் பயந்து கண்ணாடியைப் புத்தகப் பையில் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை அப்படிச் செய்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கேலி செய்கிறவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.