பட்டாவில் இன்னும் உயிரோடிருக்கும் கொள்ளுத்தாத்தா

உழுவது பேரன், தீர்வை கட்டுவது பேரன், பட்டாவில் மட்டும் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இன்னும் உயிரோடிருப்பார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது சாதாரணம். பயிர்க்கடன் கேட்கப் போகும்போதோ, சாலைக்கு நிலம் எடுத்து இழப்பீடு தரும்போதோதான் வீடு விழித்துக்கொள்ளும். அவருக்கு எத்தனை பிள்ளைகள்? மூத்த தாரத்துப் பெண் எந்த ஊரில் வாக்கப்பட்டாள்? கொழும்புக்குப் போன சின்னவருக்கு வாரிசு உண்டா? 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005 பட்டியல்களில் பெற்றோர் பெயரைக் கண்டுபிடிக்கவே பலர் திண்டாடினார்கள். இருபது வருடத்துக்கே அந்தப் பாடு.

இந்தக் கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தின் அலமாரியில் இருக்கும். தேடும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளை யாரும் உங்கள் வம்சாவளிக்காக எழுதவில்லை. வரி வசூலுக்காக எழுதினார்கள். வரி கட்டுகிறவர் பெயர் கிடைத்தால் அன்றைய ஊர்க் கணக்கரான கர்ணத்துக்குப் போதுமாயிருந்தது. பெண்மக்கள், இளைய தாரம், நிலமில்லாத தம்பி எல்லாம் அதில் விடுபட்டிருப்பார்கள். ஆகவே பட்டாவில் பெயர் இல்லாததால் உரிமை இல்லை என்றாகாது. பெயர் இருப்பதாலேயே சொத்து முழுக்க அவருக்கே என்றும் ஆகாது. குடும்ப வழக்குகள் பல இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

உறவுமுறைக்கு பட்டாவைவிடப் பத்திரம் நல்ல சாட்சி. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் குடும்பமே கிடைத்த மாதிரி: யாருக்கு யார் குமாரர், எந்த மைனருக்கு எந்தத் தாயார் கார்டியன், விதவைக்கு ஜீவனாம்சமாக எத்தனை மூட்டை நெல். கிரயப் பத்திரமானால் விலையோடு நிறுத்திவிடாமல் கடைசியில் உள்ள செக்குபந்தியைப் படியுங்கள். வடக்கே இன்னார் பங்கு, கிழக்கே இன்னார் நிலம் என்று நான்கு எல்லை சொல்லியிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். தொலைந்துபோன கிளை ஒன்று அந்த நாலு வரியில் அகப்படலாம்.

இந்தப் பத்திரங்களைப் பார்க்க யார் தயவும் வேண்டாம். பதிவுச் சட்டம் 1908-இன் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். மூன்றாம் புத்தகத்தில் இருக்கும் உயிலின் நகல், எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான். அவர் காலமான பிறகு கேட்பவர் எவருக்கும். "நீங்க யாரு, என்ன உறவு?" என்று எழுத்தர் குறுக்குக் கேள்வி கேட்டால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லலாம்.

வில்லங்கச் சான்றில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் புல எண்ணைப் போட்டுத் தேடுவார்கள், ஒன்றும் வராது, "நம்ம நிலத்துல ஒரு வில்லங்கமும் இல்ல" என்று திரும்பிவிடுவார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர் வழக்கில் யுடிஆர், ஏராளமான நிலங்களுக்கு எண் மாறியது, உட்பிரிவு ஆனது. தாத்தா காலத்துப் பத்திரம் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். கிராமத்து 'அ' பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும். முதலில் அதை வாங்கிக்கொண்டு, பழைய எண்ணுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும் வில்லங்கத்துக்கு மனுப்போட வேண்டும். பழைய கணக்குகளில் தேதிக்குப் பதில் பசலி இருக்கும். 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி எந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது என்பது வரும்: பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

இன்னும் பின்னால் போக விரும்புகிறவர்களுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. முன்னோர் மானியக்காரர், அதாவது இனாம் நிலம் பெற்றவர், என்றால் அதிர்ஷ்டம். 1858-இல் இனாம் கமிஷன் ஏற்பட்டு ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் பதிவேட்டில் மானியம் முதலில் யாருக்குத் தரப்பட்டது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவர் வயது, குடியிருக்கும் ஊர், மூல மானியதாரருக்கு என்ன உறவு என்று தனித்தனிக் கட்டம் உண்டு. வேறெந்த வருவாய்க் கணக்கும் இவ்வளவு பேசாது.

நிலமே இல்லாதவர்கள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலித் குடும்பங்களும் ஒருமுறை பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் அரசாணை வந்து, தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருடத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் கைமாறலாம். பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் 'டி.சி.' (டிப்ரெஸ்டு கிளாஸ்) நிபந்தனை என்று இருக்கும். பிந்திய கணக்குகளில் அந்த இரண்டெழுத்து காணாமல் போய், நிலம் வேறு யார் பட்டாவிலோ ஏறியிருப்பது பல ஊர்க் கதை. அந்தப் பழைய பக்கத்தின் சான்றிட்ட நகல்தான் ஆட்சியரிடம் மீட்பு மனுக் கொடுப்பவருக்குக் கைமுதல்.

பெண்வழியைத் தேடுவதுதான் கடினம். நிலக் கணக்கு கைவிட்ட இடத்தில் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தர் ஆகியவை உதவும். கிராமப் பிறப்புப் பதிவேட்டிலும் பாருங்கள். குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவும் தகப்பன் பெயர் மட்டும் நிரம்பியும் இருக்கும், அதைப் பார்த்து நம்முடையது இல்லை என்று புரட்டிவிடக் கூடாது. இந்தத் தேடலுக்குப் பணமதிப்பும் உண்டு. 1956-க்கு முன்பே உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயார்ஜிதச் சொத்து, மகன் இல்லாதபோது, மகளுக்குத்தான் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 2005 செப்டம்பர் 9 முதல் உண்டு. அன்று தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் இதை வைத்துக் கிளற முடியாது. "அத்தைக்கு எதுக்குப் பங்கு, நகை போட்டாச்சே" என்பது திண்ணைப் பேச்சு, சட்டம் அல்ல.

அலுவலகத்தில் "பழைய ரெக்கார்டு இல்ல" என்றால் வாய்வார்த்தையாக விடாதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தனிநபர் தகவல் என்று மறுத்தால், இருபது ஆண்டைக் கடந்த நிகழ்வுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்னும் 8(3)-ஐச் சுட்டுங்கள். இறப்பு பதிவாகவே இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றை வாங்கி, கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி ஆபத்து. பட்டா இறந்தவர் பெயரில் கிடப்பதை உங்களுக்கு முன்பே கவனிப்பவர் நிலத் தரகர். "எல்லாம் நானே முடிச்சுத் தர்றேன், ஒரு கையெழுத்து மட்டும்" என்று அவர் நீட்டுவது சில சமயம் மனு அல்ல, பொது அதிகாரப் பத்திரம். மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள், நகல் போதும். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட மூல ஆவணம், இருக்க வேண்டிய கையிலிருந்து வந்தால், எழுதியவரைச் சாட்சிக்கு அழைக்காமலே நீதிமன்றம் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளலாம். தரகர் பையிலிருந்து வந்தால் அந்தச் சலுகை சந்தேகமாகிவிடும். இன்னொன்று, ஒரே ஊரில் நாலு முனியன், ஐந்து சுப்பன் இருப்பார்கள். தகப்பன் பெயர், புல எண், காலம் மூன்றும் பொருந்தாமல் 'இவர்தான் நம்மவர்' என்று மனுவில் எழுதிவிட்டால், பிறகு பின்வாங்குவது பெரும்பாடு.

வாரிசுச் சான்றில் ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அந்தச் சான்று உரிமை மூலம் அல்ல. விடுபட்டவர் வட்டாட்சியரிடம் ஆட்சேபம் தரலாம், பட்டா மாறிவிட்டிருந்தால் கோட்டாட்சியரிடமும் அவருக்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகலாம். யார் வாரிசு என்பதிலேயே தகராறு என்றால் இவர்கள் யாரும் தீர்க்க முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான். போலிப் பத்திரமே எழுதப்பட்டிருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நில அபகரிப்புப் பிரிவு இருக்கிறது. புகாரோடு வில்லங்கச் சான்றையும் பழைய பதிவேட்டு நகலையும் சேர்த்துக் கொடுத்து, மனு ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.