மோட்டாரைக் குறை சொல்லுமுன் பிளேடைப் பாருங்கள்

வீட்டுப் பட்டறையில் வைத்து ஓட்டும் சிறிய பேண்ட் சா மெஷினைப் பற்றிப் பொதுவாக எழும் புகார் ஒன்றுதான்: இழுக்க மாட்டேன் என்கிறது. ஒரு அங்குலப் பலகை வரை சமாளிக்கிறது. மூன்று அங்குலத் தேக்குக் கட்டையைக் காட்டினால் முனகுகிறது, பிளேடு நிற்கிறது, கருகல் வாசம் வருகிறது. உடனே மோட்டார் பத்தவில்லை என்று முடிவுகட்டி, இதைத் தள்ளிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். மோட்டார் சிறியது என்பது உண்மை. 9 அங்குலச் சக்கரமுள்ள மெஷின்களில் பெரும்பாலும் 250 முதல் 350 வாட்தான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, அரைக் குதிரைத்திறனைக்கூட எட்டாது. ஆனாலும் அது திணறும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளேடைத்தான். மரத்துக்கு ஏற்ற புதுப் பிளேடை மாட்டிப் பார்க்காமல் மெஷினை மாற்றும் முடிவை யாரும் எடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

பேண்ட் சாவின் வரலாறே இதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெர்ரி 1809-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், சக்கரத்தின் மேல் ஓயாமல் வளைந்து நிமிர்வதைத் தாங்கும் பிளேடு அன்று கிடையாது. ஒட்டுப் போட்ட இடத்தில் அறுந்துகொண்டே இருந்தது. பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பான் என்ற பெண்மணி உறுதியாக ஒட்டும் முறை ஒன்றைக் கண்டறிந்து 1846-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் இந்த மெஷின் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரு நல்ல யோசனையை முடக்கிப்போட்டது பிளேடுதான்.

இன்றைய சிறு மெஷினில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான், காரணம் மட்டும் வேறு. அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடு மூன்று அங்குலக் கட்டையை அறுக்கும்போது ஒரே நேரத்தில் 42 பல் மரத்துக்குள் இருக்கிறது. இருக்கிற சொற்ப விசையை 42 பேர் பங்கு போட்டால் ஒவ்வொரு பல்லுக்கும் கிடைப்பது மரத்தைக் கடிக்கப் போதாது. அது தேய்க்கத்தான் செய்யும். பல்லுக்குப் பல் இடையிலுள்ள சின்னப் பள்ளம், மரத்தைவிட்டு வெளியே வருமுன்பே தூளால் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு அந்தப் பல் வெட்டாது, சூடுதான் ஏறும். அதே கட்டைக்கு அங்குலத்துக்கு 4 பல் உள்ள பிளேடைப் போட்டால் உள்ளே இருப்பவை 12 பல். ஒவ்வொன்றும் ஆழமாகக் கடிக்கும், தூளுக்கும் போக இடம் இருக்கும். கீழே விழும் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். மாவாக வந்தால் பிளேடு தேய்க்கிறது, குருணையாக வந்தால் வெட்டுகிறது. அறுத்த பரப்பு சொரசொரப்பாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், எப்படியும் இழைக்கப் போகிற மரம்தானே.

மழுங்கல் இதைவிடப் பொல்லாதது. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. சாதாரணக் கார்பன் ஸ்டீல் பல்லை அது சீக்கிரம் மொண்ணையாக்கிவிடும். மறைந்திருக்கும் ஆணி ஒன்றை உரசியிருந்தால் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கி, பிளேடு மறுபக்கம் சாயும். சாய்வதை நிமிர்த்த மரத்தை மேசைமேல் உள்ள வழிகாட்டிப் பலகையோடு சேர்த்து அழுத்தினால் வெட்டுக்குள் பிளேடு இறுகும், மோட்டார் திணறும். இதைப் பார்ப்பவர் மோட்டாருக்குப் பலம் இல்லை என்றுதான் நினைப்பார். பிளேடை உள்வெளியாகத் திருப்பி மாட்டியதால் பல் மேல்நோக்கி நின்று, ஒன்றுமே அறுபடாமல் போவதும் உண்டு. பல் நுனி மேசையை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும்.

பிளேடைத் தவிர வேறு கோளாறே இல்லையா என்றால், உண்டு. காது கொடுத்தால் பாதி பிடிபட்டுவிடும். பிளேடு நின்றபோதும் மோட்டார் அதே சுதியில் ஓடிக்கொண்டிருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது சக்கரத்தின் ரப்பர் டயர் பிசின் படிந்து வழவழப்பாகியிருக்கிறது. மோட்டாரின் சத்தமே தணிந்தால் அதன்மேல் பளு அதிகம், அல்லது கரண்ட் போதவில்லை. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் கூடிக் குறையும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் 190 வந்தால் அந்த விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் இதே வேலையைச் செய்யும். ஸ்விட்சைப் போட்டதும் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் கண்டென்சரைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றிவிட்டு, சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள்; கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது. இவை எல்லாமே சின்னச் செலவுகள்.

பழைய மெஷினுக்குப் புது பிளேடு வாங்குவது வீண் செலவு என்பார்கள். அந்தக் காசு புது மெஷினோடு சேர்த்துக் கொடுக்கப்போவதுதான், ஏனெனில் புதிதாக வாங்கும் பெரிய மெஷினோடு வரும் பிளேடும் பெரும்பாலும் சுமார் ரகம்தான். இன்னொரு யோசனை, இதிலேயே பெரிய மோட்டாரை மாட்டிவிடலாம் என்பது. இதை நான் ஏற்கவில்லை. விசையைக் கூட்டினால் அதைத் தாங்க அகலமான, தடித்த பிளேடு வேண்டும். அரை அங்குல அகலமும் 0.6 மி.மீ. தடிப்பும் உள்ள பிளேடுக்கு உரிய இறுக்கம் கொடுக்க மேல் சக்கரத்தைச் சுமார் 150 கிலோ விசையோடு தூக்கிப் பிடிக்க வேண்டும். கால் அங்குல மெல்லிய பிளேடுக்கு 50 கிலோவுக்குள் போதும். சின்ன மெஷினின் சட்டம் இரண்டாவதற்காகச் செய்யப்பட்டது. முதலாவதை மாட்டினால் சட்டமே வளையும். அதோடு, 9 அங்குலச் சக்கரத்தில் அவ்வளவு தடித்த பிளேடு வளைந்து வளைந்து பல்லடியில் சீக்கிரம் விரிசல் விடும். மெஷினின் வரம்பு மோட்டாரில் மட்டும் இல்லை, சட்டத்திலும் சக்கரத்திலும் இருக்கிறது.

மாற்ற வேண்டிய நிலையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டயர், பெல்ட், வோல்டேஜ் எல்லாம் சரி, 4 பல் பிளேடும் புதிது. மரத்தைத் தள்ளாமல் அது எடுத்துக்கொள்ளும் வேகத்தில் விட்டும் பார்த்தாயிற்று. அப்படியும் வாராவாரம் நீங்கள் செய்யும் வேலைக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்றால் தயங்க வேண்டாம். ஆறு அங்குலக் கட்டையை நிறுத்திவைத்துப் பலகைகளாக அறுப்பதுதான் உங்கள் வேலை என்றால், பெரும்பாலான 9 அங்குல மெஷின்களில் அந்த உயரத்துக்கு இடமே இருக்காது. 14 அங்குலச் சக்கரமும் ஒரு குதிரைத்திறனுக்குக் குறையாத மோட்டாரும் தேவை. வாங்கும்போது பெயர்ப்பலகையை நிதானமாகப் படியுங்கள். வாட் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்2, 15 நிமிடம் என்று இருந்தால் அந்தப் பளுவில் தொடர்ந்து 15 நிமிடம் மட்டுமே ஓட்டலாம், பிறகு ஆறவிட வேண்டும். எஸ்1 என்றால் நாள் முழுக்க ஓட்டலாம். அந்த வாட் மோட்டார் உள்ளே இழுப்பதா, வெளியே தருவதா என்பதையும் கேளுங்கள். சிறிய சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். பிளேடை இறுக்கச் சொல்லி, சட்டம் வளைகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

புதியது வந்த பிறகு பழையதை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இடம் இருந்தால் கால் அங்குலப் பிளேடோடு அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பொம்மைச் சக்கரம், நாற்காலிக் கையின் வளைவு போன்ற வேலைகளுக்கு, பெரிய மெஷினில் பிளேடு மாற்றிச் சரிசெய்யும் நேரம் ஒவ்வொரு முறையும் மிச்சம்.